ஆறு மாசக் காப்பு

அன்பு மகள் கல்பனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன உயிரும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் அம்மனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சுகம் என்று முதல் வரியில் எழுதுவது முறை, எழுதிவிட்டேன், உண்மையில் எப்படி இருக்கிறேன் என்பது போகப்போக உனக்கே தெரியும். போன் இருக்கும்போது எதற்கு அம்மா தாளும் பேனாவும் என்று சிரிப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் அங்கே குளிரா மழையா என்று நடுவில் நுழைகிறார், நீயும் எப்போது வருவாய் என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பிக்கிறாய், கடைசியில் ஒன்றுமே பேசாமல் வைத்துவிடுகிறோம். நம் பக்கத்துத் தெரு சேவியர் தம்பி லீவு முடிந்து இந்த மாசக் கடைசியில் பிரான்சுக்குத் திரும்புகிறார், உங்கள் ஊர் வழியாகத்தான் போவாராம். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே பருப்புப் பொடியும் காய்ந்த மணத்தக்காளி வற்றலும். வற்றலைக் கையில் பிரித்துப் பார்த்துவிட்டு வறு, காயவைத்த வாரம் சரியாக வெயில் இல்லை.

நீ போன வாரம் கேட்டாயே, அந்தக் கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டு வரக்கூடாதா அம்மா என்று. மாப்பிள்ளைக்கும் ஒன்றும் புரியவில்லை என்றாய். அவர் பிறந்து வளர்ந்தது அங்கே, அவருக்கு எப்படிப் புரியும், இங்கே பிறந்து வளர்ந்த எனக்கே புரியவில்லை. அவருக்காக முதலிலிருந்து எழுதுகிறேன், நீ படித்துச் சொல். நம் திரௌபதி அம்மன் கோயில் விமானத்தில் அரசங்கன்று முளைத்து வேர் விட்டு, மழைக்கு அம்மன் தலைமேலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பழுதுபார்க்க வேண்டுமென்றால் முதலில் பாலாலயம் செய்யவேண்டும், அதாவது அம்மனின் சக்தியை ஒரு அத்திப் பலகைக்கு மாற்றி, வெளியே கொட்டகை போட்டு அதில் வைத்துப் பூஜை செய்துகொண்டு, உள்ளே வேலை பார்க்கவேண்டும். எல்லா வேலையும் முடிந்து கும்பாபிஷேகம் ஆனால்தான் அம்மன் உள்ளே திரும்புவாள். அந்தக் கும்பாபிஷேகத்துக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, திருப்பணியை முன்னால் நின்று நடத்துகிறவருக்கும் அவர் மனைவிக்கும் மஞ்சள் கயிற்றில் காப்பு கட்டுவார்கள். கட்டிவிட்டால் மீன், கறி என்று கவிச்சி கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, பகலில் எங்கே போனாலும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர் எல்லைக்குள் வந்துவிடவேண்டும். இரண்டு மூன்று நாளைக்கு இதெல்லாம் ஒரு பாரமே இல்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான் நடக்கிறது. உன் அப்பா மட்டும் பாலாலயத்தன்றே கட்டிக்கொண்டார்.

அன்றைக்கு நீ இங்கே இல்லை. கூட்டத்தில் யாரோ ஒருத்தர், இந்த வேலை முடிய ரெண்டு மூணு வருசம் ஆவும் என்று வாயை விட்டுவிட்டார். உன் அப்பாவுக்கு ரோஷம் மூக்குக்கு மேலே. இன்னா ரெண்டு வருசம், ஆறே மாசத்துல முடிச்சிக் காட்டுறேன் பாரு, முத்துசாமி, இப்பவே கட்றா காப்ப என்று கையை நீட்டிவிட்டார். பூசாரி முத்துசாமி தயங்கித்தான் நின்றார், இன்னாத்துக்கு அண்ணே அவசரம், அப்புறம் கட்டிக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது நீட்டிய கையை மடக்குகிற மனிதரா உன் அப்பா. நான் பொங்கல் பானையிடம் நின்றுகொண்டிருந்தேன். தம்பதியாகத்தான் கட்டவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டு, கையில் இருந்த கரண்டியை யாரோ வாங்கி வைத்துக்கொண்டு, மணையில் உட்கார வைத்து என் இடது கையிலும் கட்டிவிட்டார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆறு மாசம்தானே என்று நினைத்தேன். அந்த ஆறு மாசம் இரண்டு வருஷத்தைத் தாண்டி இன்னும் நடக்கிறது.

இந்தக் காப்போடு வாழ்வது எப்படி என்று கேட்டால் எனக்குச் சிரிப்பும் வருகிறது கோபமும் வருகிறது. மீன்காரம்மா தினமும் நம் தெருவில் கூவிக்கொண்டு போகிறாள், உன் அப்பா வாசலுக்கு வந்து, இன்னா மீனு எடுத்தாந்த என்று விசாரித்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வருகிறார். கருவாட்டுக் குழம்பு என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து கழனிக்குப் போய்விடுவார். பாத்திரம் தேய்க்கும்போது கயிறு நைந்துவிடக் கூடாதென்று நான் துணி சுற்றிக்கொள்கிறேன், ஒருநாள் கிரைண்டரில் மாட்டி இழுத்ததில் உயிரே போய்விட்டது, கைக்கு அடிபட்டதைப் பார்க்காமல் கயிறு அறுந்ததா என்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் தண்ணீரில் நனைத்து நனைத்து அதை உயிரோடு வைத்திருக்கிறேன். என் தம்பி மகள் கல்யாணம் விழுப்புரத்தில் நடந்தபோது பெண் அழைப்பு ஆரம்பிக்கும் முன்பே நான் பஸ் ஏறிவிட்டேன், மண்டபத்து வாசலில் என் தம்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. என் பெரியம்மா செத்தபோது தெருமுனையிலேயே நின்றுகொண்டேன். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், பாடையைத் தூரத்தில் இருந்து பார்த்துக் கும்பிட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு இது கயிறு இல்லை, விலங்கு என்று தோன்றியது. உன் அப்பாவிடம் சொன்னால், இன்னும் கொஞ்ச நாளு பொறு அமிர்தம் என்பார். அந்தக் கொஞ்ச நாளுக்கு முடிவே இல்லை.

வேலை ஏன் நின்றது என்று உனக்குப் பாதிதான் தெரியும். விமானத்தையும் சுதை வேலையையும் முழுக்க நானே செய்து தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டது நம் ஊர் அரிகரன். புதுச்சேரியில் மனை வாங்கி விற்று நன்றாக வந்துவிட்டான், ஸ்தபதியையும் ஆட்களையும் அவன்தான் கூட்டி வந்தான். சாரம் கட்டி, அரசமரத்து வேரை எடுத்து, வேலை மளமளவென்றுதான் நடந்தது. பிறகு அவன் ஒன்று கேட்டான். கும்பாபிஷேகத்தன்று யாகத்தில் மணையில் உட்கார்ந்து தலையில் முதல் பரிவட்டத் துண்டு கட்டிக்கொள்வது தானும் தன் மனைவியுமாக இருக்கவேண்டும் என்றான். உன் தாத்தா, அவர் அப்பா என்று தலைமுறையாகக் கோயில் சாவி நம் வீட்டில் இருக்கிறது, முதல் பரிவட்டமும் நம் வீட்டுக்குத்தான். அதை மட்டும் கேட்காதே என்று உன் அப்பா சொல்லிவிட்டார். அவன் ஆட்களைச் சாரத்திலிருந்து இறக்கி வேலையை நிறுத்திவிட்டான். சவுக்குச் சாரம் அப்படியே நிற்கிறது, அதில் கொடி படர்ந்து பூ கூடப் பூத்துவிட்டது. அம்மன் தகரக் கொட்டகையில் வெயிலில் வெந்துகொண்டிருக்கிறாள், தீமிதி நின்றுபோய்விட்டது.

உன் அப்பா கோயிலுக்குக் கொடுக்காதது எது, சொல். அறுத்த நெல்லில் முதல் மூட்டை, நம் தென்னையில் விழுந்த தேங்காய் அத்தனையும் விளக்குக்கு எண்ணெய் ஆட்ட, மதில் கட்ட மணல், சொந்த வீட்டுச் சுவர் காரை பெயர்ந்து கிடக்க அங்கே போய் நின்று பூச்சு வேலை. கொட்டகையைக் கூட்டுவது, விளக்குப் போடுவது, பூச்சி பொட்டு வராமல் பார்ப்பது எல்லாம் அவர்தான். அந்தத் துண்டை மட்டும் விட மனசு வரவில்லை. அரிகரன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அதை உன் அப்பா எதிரில் சொல்ல முடியாது, உன்னிடம் சொல்கிறேன். அவன் அப்பா ஆதிமூலம் உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு தீமிதிக்கும் விறகு அடுக்கினார், நெருப்புக் குண்டத்தின் அனலில் அவர் கால் முடியெல்லாம் பொசுங்கியிருக்கும். ஒருநாள்கூட அவரை முன்னால் கூப்பிட்டு யாரும் ஒரு துண்டு கட்டவில்லை. மகன் அதை மறந்துவிடுவானா. இரண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன், எனக்கு வேண்டியது துண்டும் இல்லை, மணையும் இல்லை, உன் பிரசவத்துக்கு வந்து நிற்பதுதான்.

அவிழ்த்துவிட்டு வா என்கிறாய். ராத்திரி தூக்கத்திலும் அதைத்தான் நினைக்கிறேன். போன தடவை உன் வயிற்றில் இருந்தது நிற்காமல் போனபோது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாகக் கிடந்தாய், மாப்பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார், உன் முகம் கையகலத்துக்குத் தெரிந்தது. அதைத் தடவிப் பார்த்தேன், கண்ணாடிதான் கையில் பட்டது. உன் மாமியாரும் இல்லை, அங்கே பெரிய மனுஷி என்று ஒருத்தரும் இல்லை. இந்தத் தடவை நான் வராவிட்டால் நான் என்ன தாய். ஆனால் கட்டின காப்பை நடுவில் அறுத்தால் அந்தக் குடும்பத்தில் ஒரு குறை வரும் என்று இந்த ஊரில் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். குறை எனக்கு வரட்டும், உன் அப்பாவுக்கு வரட்டும், பரவாயில்லை. உன் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எப்படி அறுப்பேன். வராமல் இருந்தாலும் உனக்குத்தான் துரோகம், அறுத்துவிட்டு வந்து ஏதாவது ஒன்று என்றால் அதுவும் என்னால்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இடிக்கிறது கல்பனா. விசா ஒட்டின பாஸ்போர்ட்டைப் புடவை மடிப்பில் வைத்திருக்கிறேன், பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன்.

அதனால் என்னால் வர முடியாது என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதிவிட்டேன். டிக்கெட்டை மாப்பிள்ளை ரத்து செய்துவிடட்டும். அங்கே நம்மூர்ப் பெண்கள் யாராவது இருந்தால் கூச்சப்படாமல் கூப்பிட்டு வைத்துக்கொள். இரும்புச் சத்து மாத்திரையைக் குமட்டுகிறது என்று விட்டுவிடாதே. என்மேல் கோபம் இருந்தால் கோபித்துக்கொள், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. விளக்கு வைக்கவேண்டும், இத்தோடு நிறுத்துகிறேன்.

கல்பனா, மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன், மனசு வரவில்லை, நான் எப்படிக் கிடந்தேன் என்று உனக்கும் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். இதை எழுதுவது வேறு நாள். ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் கோயில் விஷயமாகக் கூட்டம் போட்டார்கள். எப்போதும் போல ஆண்கள் நாற்காலியில், நாங்கள் பின்னால் பாயில். அரிகரன் ஒரு பக்கம், உன் அப்பா ஒரு பக்கம், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஊர்க்காரர்களைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள். கிரானைட் போடலாமா டைல்ஸ் போடலாமா என்று கூடப் பேசினார்கள், நிற்கிற வேலையை எப்படி நடத்துவது என்று மட்டும் யாரும் பேசவில்லை. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, எழுந்து நின்றுவிட்டேன். கோயிலு எங்க வூட்டுதும் இல்ல, அரிகரன் வூட்டுதும் இல்ல, ஆத்தாளத் தகரத்துல போட்டு வறுத்துட்டு ஆளுக்கொரு துண்டுக்கு அடிச்சிக்கிறீங்களே, உங்களுக்கே நல்லாருக்குதா என்று கேட்டேன். எம்பொண்ணு மாசமா இருக்குறா, என்னால போவ முடியல, இந்தக் கையப் பாருங்க என்று காப்புக் கையைத் தூக்கிக் காட்டினேன். உன் அப்பா தலையைக் குனிந்தபடி எழுந்து வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் அவர் என்னோடு பேசவில்லை. ஊர் எதிரில் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று எனக்கும் உறுத்தலாக இருந்தது, சோறு போட்டால் சாப்பிட்டார், மோர் வேண்டுமா என்றால் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய் வரை வரும், எதற்குக் கேட்கவேண்டும் என்று உள்ளேயே போய்விடும். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, கோயிலுக்கு வா என்று மட்டும் சொன்னார். கொட்டகைக்குப் போனால் முத்துசாமி புது மஞ்சளோடு உட்கார்ந்திருக்கிறார். கும்பாபிஷேகம் செய்ய வரப்போகிற குருக்களிடம் உன் அப்பா போனில் கேட்டாராம். காப்பை அறுத்தால்தான் குறை, மனைவி கையில் இருப்பதை அவிழ்த்துப் புருஷன் தன் கையில் வாங்கிக்கொண்டால் சங்கல்பம் கெடாது, ஆனால் தம்பதியாக இல்லாமல் மணையில் மட்டும் உட்கார முடியாது, அது உங்களுக்குச் சம்மதமா என்று குருக்கள் திருப்பிக் கேட்டிருக்கிறார். உன் அப்பா சம்மதம் என்று சொல்லிவிட்டாராம். இத்தனை நாளும் இதை ஒருத்தர்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை பார், கேட்டால் மணை போய்விடும் என்று அவருக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்குமோ என்னவோ, நான் கேட்கவில்லை.

முத்துசாமி என் கையில் முடிச்சைத் தேடினார், அது மஞ்சளும் அழுக்கும் ஏறி இறுகிப்போய் அவிழவே இல்லை. கத்தியை எடுக்கக் கூடாது என்பதால் உன் அப்பாவே கீழே உட்கார்ந்து கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, நகத்தால் கிள்ளிக் கிள்ளி இழை இழையாகப் பிரித்தார். அவர் என் கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்தது எனக்கு நினைவுக்குத் தெரிந்து இல்லை. பிரித்ததை அப்படியே அவர் வலது கையில், தன் காப்புக்கு மேலே கட்டிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அப்ப உங்களுக்கு மணை, பரிவட்டம் என்று ஏதோ உளறினேன். கொயந்தயத் தூக்க ரெண்டு கையும் வோணும் உனுக்கு, போ, அரிகரன் உக்காரட்டும், அவுங்க அப்பன் அடுக்குன வெறவு கொஞ்சமா என்றார். சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கொட்டகையைக் கூட்டப் போய்விட்டார். எனக்கு அந்த மனிதர்மேல் இரண்டு வருஷமாக இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, ஆனால் முழுக்கப் போகவில்லை, கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன்.

அரிகரனிடம் விஷயம் போன மறுநாளே ஸ்தபதி ஆட்கள் வந்து சாரத்தில் படர்ந்த கொடியை அறுத்தெறிந்துவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். அவன் நம் வீட்டு வாசல் வரை வந்தான், உள்ளே வரவில்லை. உன் அப்பாவைப் பார்த்து, சித்தப்பா, சாவி உங்களாண்டதான் இருக்கணும் என்று சொல்லிவிட்டு நின்றான், அவரும் சரி என்றார், அவன் அப்படியே திரும்பிப் போய்விட்டான். ஐப்பசி மழை விட்டுத் தையில் கும்பாபிஷேகம் வைக்கலாம் என்கிறார்கள், இந்தப் பேச்சையெல்லாம் நான் இப்போது அப்படியே நம்புவதில்லை. அதுவரை உன் அப்பா இரண்டு காப்போடு இந்த ஊர் எல்லைக்குள்ளேயே இருக்கவேண்டும், பேரப்பிள்ளையைப் பார்க்க வர முடியாது. என் காப்பு அவிழ்ந்ததில் எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் வெளுத்துக் கோடாகத் தெரிகிறது. இன்னமும் விளக்கு வைக்கிற நேரம் வந்தால் எங்கே இருந்தாலும் கால் வீட்டுப் பக்கம் திரும்புகிறது, அங்கே வந்தும் சாயங்காலமானால் பரபரப்பேனோ என்னவோ, நீ சிரிக்கக் கூடாது.

டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னேனே, செய்துவிடாதீர்கள், இந்தத் தாள் உன் கைக்கு வரும் முன்பே போனிலும் சொல்லிவிடுவேன். ஏரோப்ளேனில் தனியாக வரப் பயமாகத்தான் இருக்கிறது, சென்னையில் ஏற்றிவிட உன் அப்பா வரமாட்டார், ராத்திரி விமானம், திரும்ப முடியாது. சேவியர் வீட்டு ஜோஸ்பின்தான் கூட வந்து ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். உன் அப்பாவுக்குக் குக்கரில் எத்தனை விசில் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன், ரசம் வைத்துப் பார்த்தார், புளி கரைக்காமல் அப்படியே போட்டுவிட்டார். உப்பு, மிளகாய்த்தூள் டப்பாவில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் வரும்வரை நீ கனமாக ஒன்றும் தூக்காதே, குளிர்த் தரையில் வெறுங்காலோடு நடக்காதே, மாப்பிள்ளையை என் ஆசீர்வாதத்தோடு விசாரித்ததாகச் சொல். ஒரு கொடியில் ஒரு பூவாக இல்லாமல் நிறைய பெற்று, நோய் நொடி இல்லாமல் இரண்டு பேரும் நீண்டநாள் நன்றாக இருக்கவேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. குழந்தை பிறந்ததும் மாப்பிள்ளை முதல் போனை இங்கே உன் அப்பாவுக்குப் போடட்டும். அங்கே நான் பக்கத்திலேயே இருப்பேன், என்னிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். வேறு யாருக்கும் சொல்லும் முன்னால் அவருக்குச் சொல்லவேண்டும், அந்த முதல் மரியாதையாவது அவருக்குக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருக்கும் உன் அம்மா,
சு. அமிர்தம்